சின்னப் பாடசாலையில் வாசிப்புச் சவால்: எத்தனை புத்தகம், எத்தனை கிழமை, என்ன பரிசு?

துணுக்காய்_ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது இலங்கையின் வன்னிப் பக்கம், தரம் 1 தொடக்கம் 9 வரை உள்ள பாடசாலை, 90 பிள்ளைகள் அளவில். நூலகத்துக்குத் தனி அறை இல்லை. அலுவலகத்துக்குள் இரண்டு இரும்பு அலுமாரி. உள்ளே இருப்பதில் பாதிக்கு மேல் வழிகாட்டிப் புத்தகங்களும் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளும்தான். பிள்ளை விரும்பி எடுக்கக்கூடியது எண்டு பார்த்தால் 120 வரும்.

ஒக்ரோபர் தேசிய வாசிப்பு மாதம். வழக்கமாகப் பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, ஒரு கண்காட்சி நடக்கும். இந்த முறை பிள்ளைகள் உண்மையாகவே வாசிக்கிற மாதிரி ஒரு சவால் வைப்பம் எண்டு யோசிக்கிறம். கூட்டத்தில் வந்த திட்டம்: மாதம் முழுக்க ஆகக்கூடப் புத்தகம் வாசித்த மூன்று பேருக்குச் சைக்கிள். பணம் வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் தருவினம்.

கேட்க வேண்டியது மூன்று. மெல்ல வாசிக்கிற பிள்ளையை இது எப்படி இழுக்கும்? வாசித்ததை எப்படிப் பார்ப்பது? 120 புத்தகம் காணுமா?

வாசிகசாலை

ரீச்சர், முதலில் அந்த "முதல் மூன்று பேர்" என்பதை மாற்றுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இரண்டாம் கிழமை முடியமுதலே வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்துவிடும் யார் முன்னுக்கு நிற்கினம் எண்டு. மிச்சப் பிள்ளைகள் அதோடு விட்டுவிடுவார்கள். முன்னுக்கு நிற்கிற மூன்று பேரும் ஏற்கெனவே வாசிக்கிற பிள்ளைகள். அவர்களுக்குச் சவாலே தேவையில்லை. அதைவிட, சைக்கிள் வெல்ல வேண்டுமெண்டால் தடித்த புத்தகத்தைத் தொடக்கூடாது, ஆக மெல்லியதைப் பார்த்து எடுக்க வேணும் என்பதைப் பிள்ளை உடனே கண்டுபிடிக்கும். ஏழாம் தரப் பிள்ளை முதலாம் தரப் படப்புத்தகத்தை அடுக்கிக்கொண்டு நிற்கும். பிள்ளையில் பிழை இல்லை. நாங்கள் போட்ட கணக்கு அப்படி.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே இலக்கு வைத்து, அதை அடைந்த எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பரிசு கொடுங்கள். இங்கிலாந்தின் பொது நூலகங்களில் 1999 தொடக்கம் நடக்கிற கோடை விடுமுறைச் சவால் அப்படித்தான். வழக்கமாகப் பிள்ளை தான் விரும்பிய ஆறு புத்தகத்தை எடுத்து வாசிக்கும், முடித்தால் சான்றிதழ். முதலாம் இடம், இரண்டாம் இடம் ஒன்றும் இல்லை. துபாயில் இருந்து 2015 இல் தொடங்கின அரபு வாசிப்புச் சவாலில் இலக்கு 50 புத்தகம், சுருக்கத்தை "கடவுச்சீட்டு" மாதிரி ஒரு சின்னக் கொப்பியில் எழுத வேணும். அது நாடுகளுக்கிடையிலான போட்டி, பின்னுக்குப் பெரிய வளம் இருக்கிறது. 120 புத்தகம் உள்ள இடத்துக்கு முதலாவதுதான் பொருந்தும்.

முல்லை_கணக்கு

120 காணுமா என்பதற்கு ஒரு கணக்கு. 90 பிள்ளை, ஆளுக்கு 6 புத்தகம் எண்டால் 540 தடவை புத்தகம் கைமாற வேணும். ஆறு கிழமைச் சவால், ஒரு புத்தகம் ஒரு கிழமைக்கு ஒரு பிள்ளையிடம் நிற்கும் எண்டால், ஒரு புத்தகம் ஆகக்கூடியது 6 தரம் சுத்தும். ஆனால் லீவு, மறதி, மழை எல்லாம் சேர்ந்து நடைமுறையில் 4 தரம்தான். 540 ஐ 4 ஆல் பிரித்தால் 135.

இந்த 135 என்பது ஒரு புத்தகமும் அலுமாரியில் சும்மா நிற்காத நிலை. அப்படி எண்டால் பிள்ளைக்குத் தெரிவு இல்லை, இருக்கிறதை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். தெரிவு இருக்க வேணுமெண்டால் ஒரு பிள்ளைக்கு இரண்டு புத்தகம் என்ற கணக்கில் 180 ஆவது வேணும். 60 குறைகிறது. அதிலும் மெல்ல வாசிக்கிற பிள்ளைக்கு ஏற்ற மெல்லிய புத்தகம்தான் குறைவாக இருக்கும், எண்ணிப் பாருங்கள். 120 இலும் தரம் 3 பிள்ளை தனிய வாசிக்கக்கூடியது 25 கூட வராது எண்டு நினைக்கிறேன்.

துணுக்காய்_ரீச்சர்

எண்ணிப் பார்த்தேன் சேர். 22.

ஆரம்பக்கல்வி_கிளி

அந்த 22 தான் இந்த இழையின் முக்கியமான இலக்கம். சவால் தொடங்கமுதல் செய்ய வேண்டிய வேலை, எந்தப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது எண்டு பார்ப்பது. வகுப்புத் தரத்தை வைத்துப் பிரிக்க வேண்டாம். ஆறாம் தரத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளையும் இருக்கும், நாலாம் தரத்தில் ஓடி வாசிக்கிற பிள்ளையும் இருக்கும்.

இந்தியாவில் பிரதம் நிறுவனம் 2005 தொடக்கம் வீடு வீடாகச் செய்கிற அசர் கணிப்பில் ஒரு தாள்தான் பாவிப்பார்கள். அதில் எழுத்து, சொல், சின்னப் பந்தி, கதை என நாலு கட்டம். பிள்ளை எதை வாசிக்குதோ அதுதான் அதன் நிலை. எழுத்தும் தெரியாவிட்டால் தொடக்க நிலை. அதே மாதிரி நீங்களே ஒரு தாள் செய்யலாம். பந்திக்கு இரண்டாம் தரப் புத்தகத்தின் நடையில் நாலு வரி, கதைக்கு மூன்றாம் தர நடையில் எட்டுப் பத்து வரி. பாடப்புத்தகத்தில் உள்ளதையே போடாதீர்கள். பிள்ளை பாடமாக்கி வைத்திருக்கும், வாசிக்கிற மாதிரியே சொல்லும்.

பந்தியில் தொடங்குங்கள். வாசித்தால் கதைக்குப் போங்கள், முடியாவிட்டால் சொல்லுக்கு இறங்குங்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும். வகுப்பின் முன் நிறுத்தி வாசிக்க வைக்காமல், வெளியே மரத்தடியில் தனிய வைத்துக் கேளுங்கள்.

கேட்கும்போது எது பிழை, எது பிழையில்லை எண்டு தெளிவாக இருக்க வேணும். "வாழைப்பழம்" என்பதை எங்கட பிள்ளை "வாளைப்பளம்" எண்டு உச்சரித்தால் அது வாசிப்புப் பிழை இல்லை, அது எங்கள் பேச்சு. ண, ன வித்தியாசமும் அப்படித்தான். ஆனால் "கொடி"யை "கெடி" எண்டோ "கோடி" எண்டோ வாசித்தால் அது பார்க்க வேண்டிய இடம். கொம்பும் காலும் சேர்ந்து வருகிற ஒகர வரிசையில்தான் ஆகக்கூடப் பிள்ளைகள் தடக்குப்படும். குறி எழுத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும், ஒலியோ எழுத்துக்குப் பிறகு வரும். கண் ஒரு பக்கம் போகும், வாய் ஒரு பக்கம் போகும். அப்படிப் பிள்ளைகளுக்கு 10 நாள், நாளுக்கு 10 நிமிடம், கெ கே கை கொ கோ கௌ வரிசையை மட்டும் சொற்களோடு செய்தால் பெரிய வித்தியாசம் தெரியும்.

பிறகு புத்தகங்களையும் அதே நாலு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு நிறம் வைத்து, முதுகில் சின்ன நிறத்தாள் ஒட்டுங்கள். நிறத்துக்கு "தரம் 2", "தரம் 3" எண்டு பெயர் வைக்க வேண்டாம். எட்டாம் தரப் பிள்ளை அதைத் தொடாது.

பிள்ளை தானே பார்த்து எடுக்கவும் ஒரு வழி இருக்கிறது: நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள், விளங்காத சொல்லுக்கு ஒவ்வொரு விரலாக மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். ஆனால் பிள்ளைக்கு அது வேணுமெண்டால் கொடுங்கள். விருப்பம் இருந்தால் கடினமானதையும் தாண்டும்.

மல்லாவி_அம்மா

ரீச்சர், ஒரு அம்மாவா ஒண்டு கேக்கிறன். தரம் 5 பிள்ளையளுக்குப் புலமைப்பரிசில் சோதினை கிடக்குது. பள்ளிக்கூடம் விட்டா ரியூசன், பிறகு வீட்டில பேப்பர் செய்ய வேணும். இந்த நேரத்தில கதைப்புத்தகம் குடுத்தா தாய்தேப்பன்மார் சண்டைக்கு வருவினம். அதோட அட்டையில தாய்தேப்பன் கையெழுத்து எண்டு வைக்கப் போறியளோ? எங்கட பக்கம் கனபேர் விடியவே வயலுக்குப் போயிடுவினம். சிலபேருக்கு வாசிக்கவும் தெரியாது. பிள்ளை தானே கையெழுத்து வைக்கும்.

வாசிகசாலை

தங்கச்சி சொல்வது சரி. கையெழுத்து வேண்டாம். கையெழுத்துக் கேட்டால் நாங்கள் அளப்பது வாசிப்பை இல்லை, வீட்டில் ஓய்வாக ஒரு பெரியவர் இருக்கிறாரா என்பதை. ஆதரவு கூடவே தேவைப்படுகிற பிள்ளைதான் அதில் தோற்கும்.

பார்க்கிற வேலையைப் பாடசாலைக்குள்ளேயே வைத்திருங்கள். நாளாந்தம் 15 நிமிடம் எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிப்பது, அதிபர், ஆசிரியர், காவலாளி உட்பட. ஆசிரியர் அந்த நேரம் கொப்பி திருத்தினால் பிள்ளைக்கு உடனே விளங்கும், இது பெரிய ஆட்களுக்கு முக்கியமில்லாத வேலை எண்டு.

காலை ஒன்றுகூடலுக்குப் பிறகு வைப்பதைத்தான் எல்லாரும் யோசிப்பார்கள். வன்னிக்கு அது சரிவராது. பஸ் பிந்தினால், குறுக்கு றோட்டில் தண்ணி நிண்டால், தூரத்தில் இருந்து வருகிற பிள்ளை அந்த 15 நிமிடத்தை நாளாந்தம் இழக்கும். இடைவேளை முடிந்த உடனே வையுங்கள். சத்தம் அடங்க இரண்டு நிமிடம் போகும், பரவாயில்லை. புத்தகத்தை இடைவேளைக்கு முதலே மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 15 இல் 6 நிமிடம் புத்தகம் தேடுவதிலேயே போய்விடும்.

தரம் 5 பிள்ளைகளைச் சவாலில் இருந்து எடுக்காதீர்கள். பாடசாலை நேரத்து 15 நிமிடம் மட்டும் அவர்களுக்கு, வீட்டுக்கு ஒன்றும் இல்லை. வினாவை வாசித்து விளங்கிக்கொள்ள நேரம் எடுக்கிற பிள்ளைக்குப் பேப்பர் செய்து செய்து அந்த வேகம் வராது, தொடர்ந்து வாசித்தால்தான் வரும். பெற்றோர் கூட்டத்தில் இதை ஒரு வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள்.

முல்லை_கணக்கு

அளவுகோல் புத்தக எண்ணிக்கையா, நாளா என்பதையும் இப்போதே முடிவெடுக்க வேணும். 16 பக்கக் கதை ஒன்றில் 500 சொல் அளவில் இருக்கும். நிமிடத்துக்கு 40 சொல் வாசிக்கிற பிள்ளைக்கு அது 12, 13 நிமிட வேலை. 100 சொல் வாசிக்கிற பிள்ளைக்கு 5 நிமிடம். அந்தப் பிள்ளை 200 பக்க நாவல் எடுத்தால் ஆறு கிழமையும் காணாது. இந்த மூன்றுக்கும் "ஒரு புத்தகம்" எண்டு ஒரே புள்ளி கொடுத்தால் அது கணக்கில்லை.

நாளை எண்ணுங்கள். ஆறு கிழமையில் 30 பாடசாலை நாள். ஒரு நாள் 15 நிமிடம் வாசித்தால் அட்டையில் ஒரு முத்திரை. இலக்கு 24 முத்திரை, 30 இல்லை. காய்ச்சல், கலியாணவீடு, அடைமழை எண்டு ஆறு நாள் விட்டுக் கொடுக்க வேணும். முழு வரவு கேட்டால் இரண்டாம் நாள் வராத பிள்ளை அண்டைக்கே சவாலை விட்டுவிடும்.

வாசிகசாலை

சேர், நாள் கணக்கு நியாயமானது. ஆனால் நாளை மட்டும் எண்ணினால் பிள்ளை பக்கத்தைப் பார்த்துக்கொண்டு 15 நிமிடம் இருந்துவிட்டு எழும்பும். ஒரு புத்தகத்தைத் தொடங்கி முடித்தேன் என்கிற மகிழ்ச்சியும் பிள்ளைக்கு வேணும், அதை விட்டுவிடக் கூடாது.

முல்லை_கணக்கு

அப்ப இரண்டையும் சேர்ப்பம். 24 முத்திரையும் 4 "சொல்லு பார்ப்பம்" சந்திப்பும். மெல்லிய புத்தகம் ஒன்றை முடித்தால் ஒரு சந்திப்பு. தடித்த புத்தகம் எண்டால் ஒவ்வொரு 40 பக்கத்துக்கும் ஒரு சந்திப்பு. நாவல் வாசிக்கிற பிள்ளையும் ஒரே புத்தகத்திலேயே நாலையும் முடிக்கலாம்.

ஆரம்பக்கல்வி_கிளி

இது நல்ல வடிவம். அந்தச் சந்திப்பு எப்படி நடக்க வேணும் எண்டு எழுதுகிறேன், ஏனெண்டால் இது பரீட்சையாக மாறினால் முழுச் சவாலும் கெட்டுவிடும்.

இரண்டு நிமிடம், புத்தகம் பிள்ளையின் கையில் திறந்தபடி இருக்கட்டும். "கதைச் சுருக்கம் சொல்லு" எண்டு கேட்காதீர்கள். பின்னட்டையில் இருப்பதைப் பார்த்துச் சொல்லிவிடும், அல்லது முதல் நாள் வாசித்த கூட்டாளியிடம் கேட்டு வந்து சொல்லும். இப்படிக் கேளுங்கள்: உனக்குப் பிடித்த பக்கத்தைக் காட்டு, ஏன் பிடித்தது? இதில் ஒரு ஆளோடு விளையாடப் போகலாம் எண்டால் யாரோடு போவாய்? எந்த இடத்தில் விளங்கவில்லை? பிறகு அந்தப் பக்கத்திலேயே இரண்டு வரியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசிக்காத பிள்ளைக்குப் பக்கம் தேடவே நேரம் எடுக்கும், உங்களுக்குத் தெரிந்துவிடும். தண்டிக்க வேண்டாம், "இன்னும் இரண்டு நாள் வைத்திரு, பிறகு வா" எண்டு சொன்னால் போதும்.

90 பிள்ளை, ஆளுக்கு 4 சந்திப்பு, 360 சந்திப்பு. ஒரு ரீச்சரால் முடியாது. தரம் 8, 9 இல் 10 பிள்ளைகளைத் தெரிவுசெய்து பழக்குங்கள். நாளுக்கு 12 சந்திப்பு, ஆளுக்கு ஒன்று அல்லது இரண்டு. கெட்டித்தனமான பிள்ளைகளை மட்டும் எடுக்காதீர்கள். தடக்கித் தடக்கி வாசிக்கிற ஒன்பதாம் தரப் பிள்ளை ஒன்று, மூன்றாம் தரப் பிள்ளையிடம் கேட்கப் போக முதல் அந்த மெல்லிய புத்தகத்தைத் தானும் வாசிக்க வேண்டியிருக்கும். வெட்கமில்லாமல் இலகுவான புத்தகம் வாசிக்க அதுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

தாள்_நூல்_ஊசி

22 ஐ 80 ஆக்குகிற வழி சொல்கிறேன். பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கின ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் நிறையச் சிறுவர் கதைகள் உண்டு. படத்தோடு, நாலு வாசிப்பு நிலையாகப் பிரித்து. திறந்த உரிமத்தில் இருப்பதால் இறக்கி அச்சடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், உரியவர் பெயர் உள்ள பக்கத்தை மட்டும் வெட்டிவிடக் கூடாது. சென்னைத் தமிழ் சில இடத்தில் எட்டிப் பார்க்கும், பிள்ளைகள் சமாளிப்பார்கள்.

16 பக்கக் கதைக்கு ஏ4 தாள் 4 போதும், இரு பக்கமும் அச்சடித்து நடுவால் மடிப்பது. அச்சுப்பொறியில் புக்லெட் எண்டு இருந்தால் அதுவே ஒழுங்குபடுத்தும். இல்லாவிட்டால் பக்க ஒழுங்கு இது: முதல் தாள் 16-1, மறுபக்கம் 2-15. இரண்டாவது 14-3, மறுபக்கம் 4-13. மூன்றாவது 12-5, மறுபக்கம் 6-11. நாலாவது 10-7, மறுபக்கம் 8-9. போட்டோக்கொப்பிக் கடையில் கொடுக்கமுதல் ஒரு வெள்ளைத்தாளில் மடித்து இலக்கம் போட்டுப் பாருங்கள். மறுபக்கம் தலைகீழாக வருவதுதான் வழக்கமாக நடக்கிற பிழை. ஒரு பிரதியை எடுத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஓடவிடச் சொல்லுங்கள். நிமிர்ந்த பக்கக் கதைகளாகப் பார்த்து எடுங்கள். கிடைப்பக்கமாக உள்ளதை இப்படி மடித்தால் எழுத்துச் சிறுத்துப் போகும். அதை ஒரு ஏ4 இல் மேலும் கீழுமாக இரண்டு பக்கம் அச்சடித்து, குறுக்கே வெட்டி, இடது ஓரத்தால் தைக்க வேணும்.

சாதாரண ஸ்ரேப்ளர் நடு மடிப்புக்கு எட்டாது. நூலால் தையுங்கள், அது கம்பியை விட நல்லது, மாரியில் கறள் பிடிக்காது. மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் 5 சென்ரிமீற்றர் தள்ளி ஒவ்வொன்று. ஊசியை உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே விடுங்கள், மேல் துளையால் உள்ளே எடுங்கள், நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையால் வெளியே விடுங்கள், திரும்ப நடுத்துளையால் உள்ளே எடுங்கள். இரண்டு நுனியும் உள்ளே ஓடுகிற நீள நூலின் இரு பக்கமும் வர வேணும், அதுக்கு மேலால் முடிச்சுப் போடுங்கள். ஒரே பக்கத்தில் வந்தால் தையல் தளரும். நூலை மெழுகுதிரியில் இரண்டு தரம் இழுத்து எடுத்தால் வழுக்காது. அட்டைக்குப் பிறிஸ்டல் போட். தரம் 7 பிள்ளைகள் இதை ஒரு பாடவேளையில் பழகிவிடுவார்கள்.

இன்னொன்று, இந்த மெல்லிய புத்தகத்துக்கு முதுகு இல்லை. அலுமாரியில் நிறுத்தினால் தடித்ததுகளுக்கு இடையில் காணாமல் போகும். சுவரில் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு, மூன்று அடி அளவில், நைலோன் கயிறு கட்டி மடிப்பால் தொங்க விடுங்கள். அட்டைப்படம் தெரிந்தால் கை தானாகப் போகும்.

துணுக்காய்_ரீச்சர்

அண்ணை, மிச்சம் நன்றி. வாசிப்பு அட்டைக்கும் அதே பிறிஸ்டல் போட் பாவிக்கலாமா?

தாள்_நூல்_ஊசி

ஓம். 22 அங்குலமும் 28 அங்குலமுமான தாளை நாலுக்கு நாலாக வெட்டினால் ஐந்தரைக்கு ஏழு அங்குலத்தில் 16 அட்டை வரும். 90 பிள்ளைக்கு 6 தாள், 6 அட்டை மிச்சம். ஒரு பக்கம் 30 கட்டம், மறுபக்கம் நாலு சந்திப்புக்கு நாலு பெட்டி: புத்தக இலக்கம், பிடித்த பக்கம், சந்தித்தவரின் முதலெழுத்து. இவ்வளவும் போதும். சுருக்கம் எழுத இடம் விடாதீர்கள். எழுத வேணும் எண்டால் எழுத்து வராத பிள்ளை வாசிக்கவும் மாட்டாது. அட்டை வகுப்பிலேயே ஒரு பெட்டியில் இருக்கட்டும். வீட்டுக்குப் போனால் பாதி திரும்பாது.

ரொறன்ரோ_விசுவமடு

வெளியில் இருக்கிற பழைய மாணவர் பக்கம் நிண்டு கேட்கிறேன். சைக்கிள் கொடுக்க ஆட்கள் விருப்பமாக இருக்கினம். தூரத்தில் இருந்து நடந்து வருகிற பிள்ளைக்கு அது உண்மையாகவே உதவி. அதை ஏன் மறிக்க வேணும்? பரிசு இல்லாமல் எந்தப் பிள்ளை வரும்?

ஆரம்பக்கல்வி_கிளி

அண்ணை, தூரத்துப் பிள்ளைக்குச் சைக்கிள் கட்டாயம் கொடுங்கள். தேவை பார்த்துக் கொடுங்கள், வாசிப்போடு முடிச்சுப் போடாமல்.

இதுக்கு ஆய்வு இருக்கிறது. 1973 இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் முன்பள்ளிப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். எல்லாரும் படம் கீறுவதில் ஏற்கெனவே விருப்பமான பிள்ளைகள். ஒரு குழுவுக்கு "கீறினால் சான்றிதழ் தருவம்" எண்டு முதலே சொன்னார்கள். அடுத்த குழுவுக்குச் சொல்லாமல், கீறி முடிந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவதுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு கிழமைக்குப் பிறகு பார்த்தால், முதலே வாக்குக் கொடுத்த பிள்ளைகள் மற்றவர்களில் பாதி நேரம் அளவுதான் கீறினார்கள். எதிர்பாராமல் பெற்ற பிள்ளைகளின் விருப்பம் குறையவில்லை. வாசிப்பிலும் பார்த்திருக்கிறார்கள்: பார்பரா மரினாக், லிண்டா கேம்பிரல் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் தரப் பிள்ளைகளில் பரிசாகப் புத்தகம் பெற்றவர்களும் ஒன்றும் பெறாதவர்களும் பிறகு வாசிப்பில் காட்டின விருப்பம், விளையாட்டுச் சாமான் பெற்றவர்களை விடக் கூட.

எண்டபடியால் முடித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அது தானே தெரிவுசெய்கிற ஒரு புத்தகம், சொந்தமாக, உள்ளே பெயர் எழுதி. கனபேர் வீட்டில் பாடப்புத்தகம் தவிர பிள்ளையின் பெயர் எழுதின புத்தகம் ஒன்றும் இராது. மூன்று சைக்கிளின் காசில் 90 பிள்ளைக்கும் புத்தகம் வாங்கலாம், மிச்சமும் இருக்கும்.

ரொறன்ரோ_விசுவமடு

விளங்குது ரீச்சர். அப்படியெண்டால் இங்கிருந்து புத்தகம் பெட்டியில் அனுப்பவா, காசா?

வாசிகசாலை

காசு. அங்கே சேர்க்கிற பெட்டியில் வருவது பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகம். அனுப்புகிற செலவுக்கே இங்கே நல்ல தமிழ்ப் புத்தகம் வாங்கலாம். யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ புத்தகக்கடைக்கு இரண்டு ரீச்சர்மாரும் நாலு பிள்ளைகளும் சேர்ந்து போய்த் தெரியட்டும். பெரியவர்கள் மட்டும் போனால் நீதிக்கதையும் பொது அறிவும்தான் வரும். பிள்ளைகள் போனால் துப்பறிதல், பேய்க்கதை, பாம்பு, விண்வெளி, சிரிப்பு எல்லாம் வரும். அதுகள்தான் அலுமாரியில் நிற்காமல் ஓடுகிற புத்தகம்.

பிரதேச சபை நூலகத்தையும் கேளுங்கள். பாடசாலைக்கு மொத்தமாகப் புத்தகம் கொடுக்கிற விதி சபைக்குச் சபை வேறு. அதிபரின் கடிதத்தோடு, எத்தனை புத்தகம், எந்தத் திகதி திருப்பித் தருவீர்கள், தொலைந்தால் யார் பொறுப்பு எண்டு எழுதிக் கொண்டு போனால் நூலகர் முடிவெடுக்க இலகு. வாயால் கேட்டால் "பார்ப்பம்" எண்டுதான் வரும்.

மல்லாவி_அம்மா

என்ர ரெண்டாவது பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டிற பிள்ளையள் 15 நிமிசம் தனிய இருந்து என்ன செய்யும்? அதுகளுக்கு அந்த நேரம் தண்டனை மாதிரி எல்லோ இருக்கும்.

ஆரம்பக்கல்வி_கிளி

அக்கா, அந்தப் பிள்ளைகளைத் தனிய விடக்கூடாது. இணைந்து வாசிக்கிற முறை ஒன்று இருக்கிறது, பிரித்தானியாவில் 1970களில் உருவானது, பெரிய பயிற்சி தேவையில்லை. பெரிய பிள்ளை ஒன்றும் சின்னப் பிள்ளை ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒரே புத்தகத்தைச் சேர்ந்து சத்தமாக வாசிக்கிறது. வேகம் சின்னப் பிள்ளையின் வேகம். தனிய வாசிக்கலாம் போல இருந்தால் சின்னப் பிள்ளை மேசையில் ஒரு தட்டுத் தட்டும், பெரியது நிறுத்திவிடும். பிழை விட்டால் நாலு செக்கன் பொறுக்க வேணும், தானே திருத்தாவிட்டால் சொல்லைச் சொல்லிக் கொடுக்க வேணும், சின்னப் பிள்ளை அதைத் திரும்பச் சொன்ன உடனே மறுபடி இருவரும் சேர்ந்து வாசிக்க வேணும். திரும்ப எப்ப தனிய வாசிப்பது என்பதைச் சின்னப் பிள்ளையே தட்டிச் சொல்லும். எழுத்துக்கூட்டச் சொல்லி நிற்பாட்டி வைக்கக்கூடாது, கதை அறுந்துவிடும். புத்தகத்தை யார் தெரிவது? சின்னப் பிள்ளைதான்.

பெரிய பிள்ளைகள் ஆகக்கூட விடுகிற பிழை அந்த நாலு செக்கனைப் பொறுக்காததுதான். மனதுக்குள் "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு" எண்ணப் பழக்குங்கள்.

தரம் 1, 2 பிள்ளைகளுக்கு ஆசிரியர் வாசித்துக் காட்டுவதும் முத்திரைக்குச் சேரும். ஒரே புத்தகத்தை மூன்று தரம் வாசிப்பதும் சேரும், அந்த வயதில் அது வாசிப்புச் சரளத்துக்கு மிக நல்லது. சித்திரக்கதை, சிறுவர் சஞ்சிகை, பேப்பர் எல்லாம் சேரும்.

துணுக்காய்_ரீச்சர்

தரம் 8, 9 பொடியன்மார் கதைப்புத்தகமே எடுக்கினம் இல்லை. அவையளுக்கு?

முல்லை_கணக்கு

கதை கொடுக்க வேணும் எண்டு இல்லை. கிரிக்கெட், உதைபந்தாட்டச் செய்தி உள்ள பேப்பர் பக்கம், முந்தநாள் பேப்பராக இருந்தாலும் பரவாயில்லை. உழவு இயந்திரம், தண்ணி மோட்டர் திருத்தும் கைநூல், விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரம், தேசப்படம். "நூலகம்" எண்ட பெயரில் இருக்கிற இணையத்தளத்தில் 2005 தொடக்கம் ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் சேர்த்து வருகினம். அதில் தங்கட ஊர், குளம், கோயில் பற்றி இருப்பதைத் தேடச் சொன்னால் தேடுவார்கள். ஸ்கான் செய்த பக்கம் போனில் சின்னதாகத் தெரியும், கணினி அறையில் பெரிய திரையில் பார்க்க வைப்பது நல்லது.

வாசிகசாலை

காலம் பற்றியும் ஒரு சொல். ஒக்ரோபர் 1 இல் தொடங்கி ஆறு கிழமை எண்டால் நொவெம்பர் நடு வரும், வன்னியில் அது மழை இறங்குகிற நேரம். தவணைப் பரீட்சையும் கிட்ட வரும். புரட்டாசியில், செப்ரெம்பர் நடுவில், தொடங்கி ஒக்ரோபர் கடைசிக்குள் முடியுங்கள். இடையில் வாணி விழா வரும். சரஸ்வதி பூசைக்குப் புத்தகத்தை வைத்தால் அண்டைக்கு வாசிப்பில்லை, அந்த நாளை விட்டுக்கொடுத்த ஆறு நாளுக்குள் சேருங்கள். விஜயதசமி அன்று புதிய புத்தகங்களைத் திறந்து வைத்தால் பாதி வழியில் தளருகிற பிள்ளைகளுக்கு உசார் வரும். நாலாம் கிழமை எப்போதும் தளரும், அதுக்குக் கொஞ்சப் புதுப் புத்தகத்தை ஒளித்து வைத்திருங்கள்.

வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு புத்தகமும் சொப்பின் பைக்குள். நனைந்து வந்தால் வெயிலில் போடாதீர்கள், தாள் நெளியும். நிழலில் காற்றுப் படுகிற இடத்தில் விரித்து நிறுத்தி, பத்துப் பக்கத்துக்கு ஒரு பழைய பேப்பர் வைத்து, அந்தப் பேப்பர் ஈரமானால் வேறு பேப்பர் மாற்றுங்கள். பளபளப்புத் தாள் எண்டால் காயமுதல் பக்கம் பக்கமாகப் பிரிக்க வேணும், காய்ந்து ஒட்டினால் பிறகு கிழியும்.

அலுமாரியைச் சுவரில் இருந்து நாலு அங்குலம் தள்ளி, செங்கல்லில் ஏற்றி வையுங்கள். கறையான் சுவரோடு மண்குழாய் கட்டித்தான் ஏறும், இடைவெளி இருந்தால் குழாய் கண்ணுக்குத் தெரியும். கிழமைக்கு ஒரு நாள் பின்பக்கம் பார்க்க ஒரு பிள்ளையை நியமியுங்கள். புத்தகத்தை இறுக்கி அடுக்க வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும்.

தொலைந்த புத்தகத்துக்குக் காசு வாங்காதீர்கள். காசு கேட்ட வீட்டில் அந்தப் பிள்ளையை இனிப் புத்தகம் எடுக்க விடமாட்டார்கள். நூற்றுக்குப் பத்துப் புத்தகம் போகும் எண்டு முதலே கணக்கில் வைத்திருங்கள்.

துணுக்காய்_ரீச்சர்

கூட்டத்தில் இதைச் சொன்னேன். சைக்கிளைத் தூரம் பார்த்துக் கொடுக்கவும், முடித்த எல்லாருக்கும் புத்தகம் கொடுக்கவும் ஒத்துக்கொண்டார்கள். கடைசியாக ஒன்று. சவால் முடிந்த பிறகு, பலன் இருந்ததா எண்டு எதைப் பார்த்துச் சொல்வது? வலயக் கல்வி அலுவலகத்துக்கு அறிக்கை கொடுக்க வேணும்.

முல்லை_கணக்கு

எத்தனை பேர் முடித்தார்கள் என்பதை எழுதுங்கள், ஆனால் அது பலன் இல்லை. இரவல் பதிவுக் கொப்பியில் மூன்று இலக்கம் எடுங்கள்: சவாலுக்கு முதல் ஒரு மாதத்தில் எத்தனை புத்தகம் வெளியே போனது, சவால் நேரம் எத்தனை, அடுத்த தவணை தொடங்கி இரண்டாம் மாதம் எத்தனை. மூன்றாவது முதலாவதை விடக் கூட இருந்தால் பலன். எத்தனை வேறு வேறு பிள்ளை எடுத்தது என்பதையும் எண்ணுங்கள், ஐந்து பிள்ளை 40 புத்தகம் எடுத்தாலும் இலக்கம் அழகாகத்தான் தெரியும். எழுத்துக் கட்டத்தில் நிண்ட பிள்ளைகளுக்கு சவாலுக்கு முதல் வைத்த அதே வாசிப்புத் தாளைத் திரும்ப வையுங்கள், ஆனால் வேறு பந்தியோடு.

வாசிகசாலை

அந்த மூன்றாவது இலக்கம் வர வேணுமெண்டால் சவால் முடிந்த அடுத்த திங்களும் அலுமாரி திறந்திருக்க வேணும். திறப்பு அதிபரிடம் ஒன்று, நூலகப் பொறுப்புப் பிள்ளைகளிடம் ஒன்று. செவ்வாயும் வியாழனும் இடைவேளையில் இரண்டு பிள்ளை நிண்டு கொடுக்கட்டும். மார்கழி லீவுக்கு விடுகிற நாள் ஆளுக்கு மூன்று புத்தகம் கொடுத்து அனுப்புங்கள். அந்த மழைக்குள் வீட்டில் அடைந்து கிடக்கிற பிள்ளைக்கு வேறு வேலையும் இராது.

துணுக்காய்_ரீச்சர்

சரி அண்ணை. இரண்டாவது திறப்பு நாளைக்கு வெட்டுவிக்கிறேன்.